குளத்துத் தண்ணீரில் குடகு மண்

என் வயதொத்த நண்பர்களே, நம்மைப் பார்த்துப் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். கைப்பேசியில் எது வந்தாலும் நம்பிவிடுகிறோமாம். தலையணைக்கு அடியில் கல்லுப்பு வைத்துப் படுத்தால் மூட்டுவலி பறந்துவிடும் என்று போன வாரம் எனக்கு ஒரு செய்தி வந்தது. நானும் அதை நம் குழுவுக்கு அனுப்பினேன். உங்களில் சிலர் வைத்தும் பார்த்திருப்பீர்கள். என் மருமகள், "மாமா, நீங்க எம்.ஏ. படிச்சவங்க, இதையெல்லாம் நம்பலாமா?" என்று கேட்டாள். படிப்புக்கும் நம்புவதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லி, சின்ன வயதில் நான் ஓர் ஊரையே ஏமாற்றிய கதையை அவளுக்குச் சொன்னேன். வயிறு வலிக்கச் சிரித்தாள். உங்களிலும் பலர் அதை என் வாயால் கேட்டுச் சிரித்தவர்கள்தாம். இன்று முதல்முறையாக எழுதுகிறேன். சொல்லும்போது விட்டுவிடுகிற ஒரு பகுதியை எழுதும்போது விட முடியவில்லை.

குடவாசலுக்குக் கிழக்கே, ஆற்றிலிருந்து பிரிந்து, பிரிந்ததிலிருந்தும் பிரிந்து வருகிற ஒரு வாய்க்காலின் கடைசியில் எங்கள் ஊர். கடைமடை. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் எல்லா ஊரையும் நனைத்துவிட்டு, மிச்சமிருந்தால் எங்களைப் பார்க்க வரும். அப்பா வடக்கே ரயில்வேயில் இருந்ததால் நான் பெரியப்பா வீட்டில் தங்கி ஆறாம் வகுப்புப் படித்தேன். ஊர் நிலத்தில் பாதிக்குமேல் பெரியப்பாவுடையது. கோயிலுக்கும் கோயில் குளத்துக்கும் அவர்தான் தர்மகர்த்தா.

புதிய ஆட்சி வந்து, சுவரெல்லாம் அடுக்குமொழி எழுதியிருந்த காலம் அது. நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவர் தாலுகா அலுவலகத்தில் தன் பெயரைப் பதிந்துகொள்ளலாம், பதிந்தவரை மிராசுதார் நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்று சட்டம் சொன்னது. எங்கள் ஊரில் முதலில் போய்ப் பதிந்தவர் பெரியப்பாவின் குத்தகைக்காரர் ஒருவர். அன்று முதல் பெரியப்பா அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. "ஒரு போகம் தவறட்டும், இல்ல ஒரு தப்புப் பண்ணட்டும். அப்ப இருக்கு," என்று சாப்பிடும்போது பெரியம்மாவிடம் சொல்வார். மோர்ச் சோற்றை உருட்டிக்கொண்டு நான் கேட்டிருக்கிறேன்.

அந்தக் குத்தகைக்காரரின் மகள் என் வகுப்பில் படித்தாள். தெருவில் பார்த்தால் என்னை "நீங்க" என்பாள். வாய்க்கால் கரைக்குப் போனதும் "டேய்" என்பாள். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. மரம் ஏறுவதிலும்.

அந்த ஆண்டு ஆனி பிறந்தும் தண்ணீர் வரவில்லை. வாய்க்கால் மணலில் ஊற்றுத் தோண்டினால்கூடக் கை சுட்டது. குறுவைக்கு நாற்று விடும் பருவம் தள்ளிக்கொண்டே போனது. டீக்கடையில் பேச்சு வேறு எதுவுமில்லை. ஒருநாள் மாலை நாங்கள் இருவரும் கோயில் குளத்தின் கரையில் தட்டான் பிடித்துக்கொண்டிருந்தோம். குளத்தில் இடுப்பளவுத் தண்ணீர் பச்சைப் பாயாகக் கிடந்தது. அவள் திடீரென்று, "எங்கப்பா ஓடுறதை நீ பாத்திருக்கியா?" என்று கேட்டாள்.

பார்த்திருக்கிறேன். ஊரே பார்த்திருக்கிறது. சிரிக்காத மனிதர் அவர். இவளையும் கைக்குழந்தையான ஒரு மகனையும் விட்டு மனைவி இறந்துபோன பிறகு இன்னும் பேச்சுக் குறைந்துபோனவர். ஆனால் புதுத்தண்ணீர் வரும் நாளில் மட்டும் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு, தண்ணீரின் தலை போகிற வேகத்துக்குச் சமமாகக் கரைமேல் ஓடுவார். அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி.

"இந்த வருஷமும் ஓடணும்டா."

"மேட்டூர்ல திறக்கணும்ல?"

"இங்கதான் தண்ணி இருக்கே." குளத்தைக் காட்டினாள். "இது எங்கேருந்து வந்துச்சு? வாய்க்கால்லேருந்து மதகு வழியா வந்துச்சு. வந்த வழியாவே திருப்பி அனுப்புனா?"

என் கண்முன் வந்து நின்றது காப்பரிசி. புதுத்தண்ணீர் வந்தால் பெரியம்மா ஊறவைத்த பச்சரிசியில் வெல்லமும் தேங்காய்ப் பல்லும் எள்ளும் கலந்து, வாய்க்காலுக்குப் படைத்துவிட்டு எங்கள் கையில் அள்ளி அள்ளித் தருவாள். பள்ளிக்கூடமும் கிடையாது. ஓர் ஊர் ஏமாந்ததற்கு என் தரப்புக் காரணம் இவ்வளவுதான்.

மறுநாள் விடிந்ததும் பெரியம்மாவின் உலக்கையை எடுத்துக்கொண்டு மதகுக்குப் போனேன். அவள் முன்னமே வந்து மதகுப் பலகையைச் சுற்றிப் பூசியிருந்த களிமண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பலகையின் இரும்பு வளையத்துக்குள் உலக்கையை விட்டு இருவரும் தொங்கினோம். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மாடு பெருமூச்சு விடுவதுபோல ஒரு சத்தம். பலகை எழும்பியது, உலக்கை வழுக்கி மதகுக் குழிக்குள் போய்விட்டது, பச்சைத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு காய்ந்த வாய்க்காலுக்குள் பாய்ந்தது. சருகு, சுள்ளி, செத்தை எல்லாவற்றையும் தலையில் தூக்கிக்கொண்டு, நிஜப் புதுத்தண்ணீர் மாதிரியே ஊரைப் பார்த்துக் கிழக்கே போனது. எங்கிருந்து வந்தன என்று தெரியாமல் கொக்குகள்கூட வந்துவிட்டன. அவையும் ஏமாந்தன.

மதகுக்குக் கீழே முதல் வயல் அவள் அப்பாவுடையது. காய்ந்த வரப்பில் கோரை பிடுங்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு வேட்டியை வரிந்து கட்டினார்.

"தண்ணி வந்துடுச்சேய்! தண்ணி வந்துடுச்சேய்!"

மூங்கில் புதருக்குப் பின்னால் அவள் என் கையைக் கிள்ளிக்கொண்டே குதித்தாள். "ஓடுறாரு பாரு! ஓடுறாரு பாரு!"

தண்ணீர் தெருவை எட்டுவதற்குள் ஊர் கரையில் நின்றது. தலைமையாசிரியர் காலை மணியை அடிக்காமலேயே பள்ளிக்கு விடுமுறை விட்டுவிட்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி வந்தார். பெரியம்மா மஞ்சள் பூசிய முகத்தோடு தாம்பாளம் தூக்கி வந்தாள். தவில் வாசிக்கிறவர் வேட்டியைச் சரியாகக் கட்டாமலே வாசித்தார். ஒரு பக்கம் டீக்கடைக்காரர், ஆளுங்கட்சியின் எங்கள் ஊர்க் கிளைச் செயலாளர். மறுபக்கம் விவசாயத் தொழிலாளர் சங்கத் தலைவர், தோளில் சிவப்புத் துண்டு. இருவரும் ஒருவர் நிழலை ஒருவர் மிதிக்காதவர்கள்.

"சொன்னேனா இல்லையா? நம்ம ஆட்சியில தண்ணி தானா வரும்னு!" என்றார் டீக்கடைக்காரர்.

"தானா வருமா? நாங்க தாலுகா ஆபீஸ் வாசல்ல வெயில்ல உக்காந்தோம்ல, அதுக்கு வந்துச்சு."

"நீ உக்காந்ததுக்குப் போலீஸ்தான்யா வந்துச்சு."

கரை சிரித்தது. அவர்கள் இருவரும்கூடச் சிரித்தார்கள்.

இப்போது நினைத்தால் வியப்பாக இருக்கிறது. காவிரியின் புதுத்தண்ணீர் செம்மண் கலங்கலாக, குளிர்ச்சியாக வரும். எங்கள் தண்ணீர் பச்சையாக, வெதுவெதுப்பாக, பாசி நாற்றத்தோடு வந்தது. அந்தக் கூட்டத்தில் பிறந்ததிலிருந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எத்தனையோ பேர். ஒரு சின்னப் பெண் மட்டும், "ஏம்மா பச்சையா இருக்கு?" என்று கேட்டாள். "மலையில மூலிகையெல்லாம் கரைச்சுக்கிட்டு வருது," என்று அவள் அம்மா சொன்னாள். உடனே நாலு பேர் மூலிகைத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டார்கள். சூடாக இருக்கிறதே என்றதற்கு, "எம்மாந்தூரம் வெயில்ல வந்திருக்கு!" என்று பதில் வந்தது. எங்கள் கோயிலில் போட்டுக் குளத்தில் வீசிய பழைய மாலை ஒன்று மிதந்து வந்தது. குருக்கள் அதை ஓடிப்போய் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ஸ்ரீரங்கத்து மாலை!" என்றார். அந்த மாலையைப் போன வாரம் சாத்தியவரே அவர்தான். குளத்து ஆமை ஒன்று தலையை நீட்டியபோது, "மேட்டூர்லேருந்து நடந்தே வந்திருக்கும் போல, பாவம்," என்றார் டீக்கடைக்காரர்.

எல்லாவற்றுக்கும் மேல் பெரியப்பா. வாய்க்கால் படியில் இறங்கி ஒரு கை அள்ளி, வாயில் ஊற்றி, கொப்பளித்து, கண்ணை மூடினார். கூட்டம் அவர் வாயையே பார்த்தது.

"குடகு மண்ணு," என்றார். "நாக்குல நிக்குது."

அதன் பிறகு எல்லோரும் அள்ளிக் குடித்தார்கள். எல்லோர் நாக்கிலும் குடகு மண் நின்றது. காப்பரிசியை வாய் நிறைய அடைத்துக்கொண்டு நானும் குடித்துப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் லேசாக மண் ருசி தெரிந்தது.

அந்தப் பொய்யில் நாங்கள் செய்தது மிகக் குறைவு. ஒரு பலகையை நெம்பினோம். மிச்சத்தையெல்லாம் ஊரே செய்துகொண்டது. மேற்கே கொஞ்ச தூரம் நடந்திருந்தால் மதகைத் தாண்டி வாய்க்கால் காய்ந்து கிடப்பது தெரிந்திருக்கும். ஒருவரும் போகவில்லை. எல்லோரும் தண்ணீரோடு கிழக்கே நடந்தார்கள். வராத விருந்தாளி வந்து வாசலில் நிற்கும்போது எந்த வண்டியில் வந்தீர்கள் என்று யார் கேட்பார்கள்?

அவள் அப்பா வாய்க்காலுக்குள் முழங்கால் தண்ணீரில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். முன்பல் ஒன்று பாதி உடைந்திருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவள் கரையில் குந்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு காலை வேளைக்காக இன்றும் என்னால் முழுமனதாக வருந்த முடியவில்லை.

நண்பகலில் அவள் எங்கள் கொல்லைப்புறமாக ஓடிவந்தாள். முகத்தில் ரத்தமில்லை.

"டேய், கோட்டையைப் பிரிச்சுட்டாருடா."

நம்மில் சிலருக்கு இது மறந்திருக்கும். விதைநெல்லை வைக்கோல் புரியால் பந்துபோல இறுகச் சுற்றி, சாணி மெழுகி, அடுத்த விதைப்புவரை காப்பார்கள். அதுதான் விதைக்கோட்டை. பிரித்து ஊறவைத்துவிட்டால் திரும்பக் கட்ட முடியாது. ஊறின நெல் சாக்குக்குள் முளைவிடும். முளைத்ததைச் சேற்று நாற்றங்காலில் தெளித்தே ஆக வேண்டும். தண்ணீர் இல்லையென்றால் சாக்குக்குள்ளேயே சூடேறி அழுகும். அவள் வீட்டில் இருந்தது ஒரே கோட்டை. அது போனால் அந்தப் போகம் போனது. போகம் போனால் நிலம். பெரியப்பா மோர்ச் சோற்றுக்கு நடுவே சொன்னது எனக்குத்தான் தெரியுமே.

"சொல்லிடலாமா?" என்றாள்.

"வேணாம். நாளைக்கு நிஜமாவே தண்ணி வந்துடும் பாரு," என்றேன். எதை வைத்துச் சொன்னேன் என்று தெரியாது. ஆனால் சொன்னவுடன் அதை நானே நம்பிவிட்டேன்.

பொழுது சாயும்போது வாய்க்கால் வற்றியது. மேட்டூர் வரை போக வேண்டிய சந்தேகம், வாய்க்காலில் எங்களுக்கு மேலே இருந்த பக்கத்து ஊரோடு நின்றுவிட்டது. "மேலூர்க்காரன் அடைச்சுட்டான்!" அதுவரை எதிரெதிராக நின்ற கட்சியும் சங்கமும் ஒன்றாகக் கம்பு எடுத்தன. வாய்க்கால் கரையாகப் போயிருந்தால் மதகருகிலேயே குட்டு உடைந்திருக்கும். ஆனால் சண்டைக்குப் போகிறவர்களுக்கு அகலமான சாலை வேண்டும். கொடியும் கோஷமும் வரப்பில் கொள்ளாது. பள்ளிப் பிள்ளைகளும் பின்னால் ஓடினோம்.

மேலூர்க்காரர்கள் எங்களைப் பார்த்து விழித்தார்கள். "தண்ணியா? எங்களுக்கே வரலையேய்யா. வாய்க்கால்ல இறங்கிப் பாருங்க, காலு சுடும்."

டீக்கடைக்காரர் இறங்கி மணலைத் தொட்டார். சுட்டது. எழுந்து, "அடைச்சு, காயவும் வெச்சிருக்கானுங்க," என்றார்.

"ஆமா, ஊரே உக்காந்து விசிறினோம்," என்றார் மேலூர்ப் பெரியவர் ஒருவர். பிறகு அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. "அது சரி, உங்களுக்கு மட்டும் எப்படி வந்துச்சு? மதகு திறக்கிற லஸ்கரைத் தனியாப் பாத்து வேற வழியாக் கொண்டாந்துட்டீங்களா?"

நாங்கள் அவர்கள் மறைப்பதாக நம்பினோம். அவர்கள் நாங்கள் மறைப்பதாக நம்பினார்கள். உண்மை நடுவில் காய்ந்த மணலாகக் கிடந்தது. கடைசியில் அடி விழவில்லை. நடந்து வந்த களைப்புக்கு மேலூர்க்காரர்கள் மோர் கொடுத்தார்கள். கம்பை ஊன்றிக்கொண்டு குடித்துவிட்டு, "இருங்கடா, உங்களைப் பாத்துக்கறோம்," என்று சொல்லிவிட்டு வந்தோம்.

மறுநாள் காலை குருக்கள் அபிஷேகத்துக்குத் தண்ணீர் எடுக்கக் குடத்தோடு குளத்தில் இறங்கி, கணுக்கால் சேற்றில் நின்றார். சேறு முழுக்க மீன் துள்ளியது. அவர் போட்ட கூச்சலுக்கு ஊர் கூடி, காரணம் கேட்பதற்கு முன்னால் குளத்தில் இறங்கிவிட்டது. விரால், கெண்டை, கெளுத்தி. சேலையைக் கொசுவி முந்தியால் அள்ளினார்கள். தலைமையாசிரியர் ஒரு விராலை மார்போடு அணைத்துக்கொண்டு வழுக்கி விழுந்தார். ஊரில் எல்லாக் கூரையிலிருந்தும் குழம்பு வாசனை எழுந்தது. நாங்கள் இருவரும் மட்டும் சாக்கின்மேல் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். சாக்கு வெதுவெதுவென்று இருந்தது. விதை முளைவிடத் தொடங்கியிருந்தது.

சாப்பிட்டு முடித்ததும்தான் ஊருக்கு யோசனை வந்தது. குளம் எப்படி வற்றியது? மதகுப் பலகை ஏன் தூக்கியிருக்கிறது? நேற்று வந்தது குளத்துத் தண்ணீர்தான் என்று தெரிந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஏமாந்தவனுக்கு உடனே தேவைப்படுவது ஒரு குற்றவாளி. அன்று பிற்பகல் பெரியப்பா குளத்துப் படித்துறையில் உட்கார்ந்தார்.

"மதகுக்குக் கீழே மொத வயல் யாருது? தண்ணி வந்துடுச்சுன்னு மொதல்ல கத்துனது யாரு? மொதல்ல விதை ஊறவெச்சது யாரு? நீங்களே கூட்டிப் பாருங்க."

கூட்டிப் பார்த்தால் சரியாகத்தான் வந்தது. எல்லோரும் அவள் அப்பாவைப் பார்த்தார்கள்.

"அய்யா, நான் திறந்திருந்தா விதையை ஏன்யா ஊறவைக்கப் போறேன்? ஒரு நாள் தண்ணிய நம்பி எவனாச்சும் கோட்டையைப் பிரிப்பானா?"

அதைவிட நேரான பதில் கிடையாது. ஒருவர் காதிலும் அது ஏறவில்லை. சங்கத் தலைவர் அவருக்கு உதவ எழுந்தார். "எங்க தோழர் குளத்தைத் திறந்தா என்ன தப்பு? குளம் மக்கள் சொத்து!"

"அண்ணே, நான் திறக்கலண்ணே!"

"நீ பயப்படாத. திறந்தேன்னு தைரியமாச் சொல்லு. சங்கம் இருக்கு."

சிலர் சிரித்தார்கள். அப்போது அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தாள். "நான்தான் திறந்தேன். எங்க வீட்டு உலக்கையால நெம்பினேன். அப்பாவுக்குத் தெரியாது."

"பொண்ணை விட்டுச் சொல்லச் சொல்றியா?" என்று பெரியப்பா அவள் அப்பாவிடம் கேட்டார். "இவ ஒருத்தி தூக்குற பலகையா அது?" பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ இவளோட ஒண்ணாத்தானே பள்ளிக்கூடம் போறே. உனக்கு ஏதாச்சும் தெரியுமா?"

இந்த இடத்தில், நண்பர்களே, நான் கதை சொல்லும்போதெல்லாம் எழுந்து நிற்பேன். "நானும்தான் பெரியப்பா," என்று கணீரென்று சொல்வேன். நீங்கள் கைதட்டுவீர்கள்.

நான் சொன்னது இது: "தெரியாது பெரியப்பா."

"கேட்டீங்களா? படிக்கிற புள்ள. பொய் சொல்லாது," என்றார் பெரியப்பா. ஊர் தலையசைத்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாக இல்லை. கணக்கில் எங்கே தப்பு வந்தது என்று பார்ப்பதுபோல.

"இன்னியோட நிலத்தை விட்டுடு," என்றார் பெரியப்பா. அவள் அப்பா தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கத்தவில்லை. "ஊறவெச்ச விதையை என்னங்கய்யா பண்றது?" என்று மட்டும் கேட்டார். பதில் தெரிந்தவரிடம் கேட்பதுபோல உண்மையாகவே கேட்டார். எல்லோரும் படிக்கல்லைப் பார்த்தார்கள். நானும்தான்.

காப்பாற்றியது இரண்டு பொடியன்கள். ஊர் நியாயம் பேசிக்கொண்டிருந்தபோது அவர்கள் மதகுக் குழிக்குள் மிச்ச மீன் துழாவிக்கொண்டிருந்தார்கள். "பெரிய விராலு!" என்று கத்திக்கொண்டு இருவருமாக இழுத்தார்கள். வெளியே வந்தது உலக்கை.

பெண்கள் கூட்டத்திலிருந்து பெரியம்மா முன்னால் வந்தாள். அதன் முனையிலிருந்த இரும்புப் பூணைச் சேலை நுனியால் துடைத்தாள். "இது எங்க வீட்டு உலக்கை. ஐயோ, நேத்துலேருந்து எதிர்வீட்டுக்காரி எடுத்துட்டான்னு அவளோட பேசாம இருக்கேன்!" பிறகு அவள் கண் மெதுவாக என்மேல் வந்து நின்றது. நான் எழுந்து நின்றது உண்மைதான். என் காதைப் பிடித்துத் தூக்கியது அவள் கை.

எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டினேன். காப்பரிசி வரைக்கும் சொன்னேன். பெரியப்பாவின் முகம் கல்லாக இருந்தது. அந்த அமைதியில் டீக்கடைக்காரர் மிகப் பணிவாக, "அப்ப, அய்யா... அந்தக் குடகு மண்ணு?" என்று கேட்டார்.

முதலில் ஒரு பெண் சிரித்தாள். பிறகு படித்துறையே சிரித்தது. குருக்கள் ஸ்ரீரங்கத்து மாலையை நினைத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். பெரியப்பா வாயை இறுக்கிப் பார்த்தார், முடியவில்லை. மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். துண்டை எடுத்தபோது கண்ணில் நீர். அவள் அப்பாவை நேராகப் பார்த்தார். பதிவு செய்த நாளிலிருந்து அன்றுதான் பார்த்தார்.

"எஞ்சினைக் கிணத்தடிக்குத் தூக்குங்கடா. எங்க வீட்டு உலக்கை பண்ணுன வேலை. எங்க வீட்டுக் கிணறுதான் ஈடு கட்டணும்."

மன்னிப்பு என்ற சொல்லை அவர் உச்சரிக்கவில்லை. ஆனால் நிலத்தை விடு என்று பிறகு ஒருநாளும் சொல்லவில்லை. எண்ணெய் எஞ்சின் இருமி இருமி ஓடியது. கட்சிக்காரரும் சங்கத்துக்காரரும் ஆளுக்கொரு முனையில் தகரக் குழாயைச் சுமந்து, நீ உயரமாகப் பிடிக்கிறாய், நீ தாழப் பிடிக்கிறாய் என்று திட்டிக்கொண்டே நாற்றங்கால் வரை வந்தார்கள். அவள் அப்பா சேற்றில் நின்று முளைவிதையை வீசினார். கை விரிந்த இடமெல்லாம் மழைச்சத்தம்.

எங்கள் இருவருக்கும் தண்டனை, நாற்று எழும்பும் வரை குருவி விரட்டுவது. பள்ளிக்கு முன்னும் பின்னும் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தோம். அதைவிட இனிய தண்டனை எனக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. அவள் என்னோடு வழக்கம்போலவே பேசினாள். "தெரியாது" என்றேனே, அதைப் பற்றி மட்டும் இருவரும் பேசவில்லை.

ஊர் வயலெல்லாம் காய்ந்து வெடித்துக் கிடக்க, அந்த ஒரு துண்டு மட்டும் கிளிப்பச்சையாக நின்றபோது உண்மையான தண்ணீர் வந்தது. செக்கச்செவேலென்று, சில்லென்று, நுங்கும் நுரையுமாக. கரையில் யாருமில்லை. "போடா, இன்னொரு தடவையா?" என்று ஊர் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தது. பெரியப்பா ஆள் அனுப்பி மேலூர் வரை பார்த்துவிட்டு வரச் சொன்னார். அவள் அப்பா யாரையும் கேட்கவில்லை. வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு ஓடினார். டப்பாவைப் போட்டுவிட்டு நாங்களும் அவர் பின்னால் ஓடினோம். அந்த ஆண்டு எங்கள் ஊரில் முதல் நடவு அவர் வயலில்தான்.

வளர்ந்து, படித்து, பல ஊர் பார்த்து, கூடும் இடமெல்லாம் இந்தக் கதையைச் சொன்னேன். எந்த ஆண்டில் நான் எழுந்து நிற்கத் தொடங்கினேன் என்று நினைவில்லை. யாரோ ஒருவர், "நீ உடனே ஒத்துக்கிட்டியா?" என்று ஆவலாகக் கேட்டிருக்க வேண்டும். அவர் முகத்தில் என்ன பதில் வேண்டும் என்பது எழுதியிருந்திருக்க வேண்டும். அதன்பின் அப்படியே ஆகிவிட்டது.

அண்மையில் அவள் தம்பி ஊரில் புதுவீடு கட்டிக் குடிபுகுந்தான். அந்த நிலம் இன்றும் அவனிடம்தான் இருக்கிறது. அவள் நாகப்பட்டினத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். விருந்து முடிந்து எல்லோரும் கேட்டதால் கதையைச் சொன்னேன். வழக்கம்போல எழுந்து நின்றேன். அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள் என்பது வாக்கியம் முடிந்த பிறகுதான் உறைத்தது. அவள் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"நீ மட்டும் அன்னைக்கு எழுந்து நிக்கலேன்னா எங்கப்பா கதி என்ன ஆயிருக்கும்? சாகுறவரைக்கும் அதையேதான்டா சொல்லிக்கிட்டு இருந்தாரு. அய்யா வீட்டுப் புள்ள தைரியமா எழுந்து நின்னுச்சுன்னு."

வீட்டுக்கு வந்து நெடுநாள் தூக்கம் பிடிக்கவில்லை. போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். நான் எழுந்து நிற்கவில்லை, தெரியாது என்றேன், நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய், உலக்கை கிடைத்திராவிட்டால் இன்றுவரை சொல்லியிருக்க மாட்டேன், என்னை மன்னித்துவிடு என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

மறுமுனையில் அந்தப் பழைய சிரிப்பு கேட்டது.

"போடா, பொய் சொல்லாத," என்றாள். "நான் அங்கதானே இருந்தேன்? என் கண்ணால பாத்தேன்."